நடுவர் நோ போல் சொன்ன கை பேஸ்போலுக்கு ஆகுமா?

ஒட்டுசுட்டான் மாஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். உடற்கல்விக்கு ஆளில்லாததால் மூன்று வருடமாக விளையாட்டும் என் தலையில்தான் இருக்கிறது.

போன மாதம் வலய மட்டக் கிரிக்கெட் போட்டி. எங்கள் பையன் ஒருவன், வயது 16, இரண்டாவது ஓவரைப் போட வந்தான். மூன்று பந்து போட்டான். மூன்றுக்கும் ஸ்குயார் லெக்கில் நின்ற நடுவர் கையை நீட்டிவிட்டார். எறிகிறானாம். பையன் பந்தை அணித்தலைவனிடம் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான். ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை.

நடுவரில் நான் பிழை சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மடிந்த முழங்கை அனுமதித்த 15 பாகையைவிட நன்றாகவே நிமிர்கிறது. 1995 இல் மெல்பேர்னில் முரளிக்கு நோ போல் சொன்னது வேறு கதை. அவருடையது பிறப்பிலேயே முழுதாக நீளாத கை. இவன் எறிகிறான், அவ்வளவுதான்.

ஆனால் என்ன எறி! எல்லைக் கோட்டிலிருந்து எடுத்து எறிந்தால் தரையில் குத்தாமல் விக்கெட் காப்பாளரின் நெஞ்சுக்கு வருகிறது. ஈட்டி எறிதலில் மாகாண மட்டம் வரை போனவன். தகப்பன் முத்தையன்கட்டுக் குளத்தில் மீன்பிடிக்கிறவர். பத்து வயதிலிருந்து இவனும் வீச்சு வலை வீசுகிறான்.

முழங்கையை மடித்து எறிவதற்கென்றே ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறதே, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அன்றிரவு யோசித்தேன். பாடசாலைப் பையன் ஒருவன் பேஸ்போலில் பிட்சராகி, அதாவது பந்து வீசுகிறவனாகி, தொழில்முறை அணிவரை போவது எந்த வழியால்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பகிடி செய்கிறவர்களும் செய்யலாம், பரவாயில்லை.

முறிகண்டிக் கச்சான்

அனுமதி கிடைத்துவிட்டதால் கேட்கிறேன். மாங்காய்க்குக் கல்லெறிகிற எல்லோரையும் அமெரிக்காவுக்கு அனுப்புவதென்றால் வன்னியில் மாந்தோப்புகள் தப்பிவிடும். குரங்குகள்தான் பாவம், எதிரியில்லாமல் போய்விடும்.

ஸ்காபரோ மாமா

மாஸ்டர், என் இளைய மகன் இங்கே ஆறு வருடம் பேஸ்போல் ஆடினான். அதனால் கொஞ்சம் தெரியும். தொழில்முறை அளவுக்கு அவன் வரவில்லை. என் பணப்பைதான் அந்த அளவுக்குப் போய் வந்தது.

அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்கு வழி ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் பெரிய அணிகள் கூடி ஆட்களைத் தெரிவு செய்யும். முன்பு 40 சுற்று இருந்தது, 2021 இலிருந்து 20 சுற்று. உயர்நிலைப் பாடசாலை முடித்ததும் தெரிவாகலாம். நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் வருடம் முடியும்வரை அல்லது 21 வயதாகும்வரை பொறுக்க வேண்டும்.

உங்கள் பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான். இலங்கைப் பிள்ளை வெளிநாட்டு வீரர் என்ற வகைக்குள் போவான். அங்கே தெரிவுச் சுற்று எதுவும் கிடையாது. 16 வயதிலிருந்தே எந்த அணியும் நேரே ஒப்பந்தம் செய்யலாம். ஒவ்வொரு வருடமும் ஜனவரி 15 இல் அந்தக் காலம் திறக்கிறது. டொமினிக்கன் குடியரசில் அன்று திருவிழாத்தான். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் யாராவது வந்து பார்க்க வேண்டும். ஒட்டுசுட்டானுக்கு யார் வருவார்கள்?

ஒப்பந்தம் கிடைத்தாலும் நேரே பெரிய மைதானத்துக்குப் போவதில்லை. பயிற்சி முகாம் லீக், கீழ் ஏ, மேல் ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று படி ஏற வேண்டும். கீழ் ஏ மட்டத்தில் 2023 ஒப்பந்தப்படி ஆண்டுச் சம்பளம் 26,200 டொலர். ரொறன்ரோவில் அந்தப் பணத்துக்கு நிலவறையில் ஒரு அறை எடுக்கலாம், சாப்பாடு வேறு. பெரும்பாலானவர்கள் இந்தப் படிகளிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இரணைமடுவான்

அமெரிக்காவுக்கு முதல் ஹோமாகமவைப் பாருங்கள். நான் பாடசாலைக் காலத்தில் பேஸ்போல் ஆடியவன், வன்னியில் அல்ல, கொழும்பில் படித்தபோது. ஹோமாகமவுக்கு அருகே தியகமவில் ஜப்பான் உதவியுடன் கட்டிய பேஸ்போல் மைதானம் இருக்கிறது. இலங்கை அணி 2018 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடியது. தேசிய மட்டத்தில் ஆடுகிறவர்களில் நிறையப் பேர் முப்படை அணிகளின் ஆட்கள். ஏனென்றால் இந்த நாட்டில் பேஸ்போல் ஆடிக்கொண்டே சம்பளம் வாங்குவதற்கு அதைவிட்டால் பெரிதாக இடமில்லை. இதை எங்கள் பக்கத்துத் தாய் தகப்பனுக்கு எப்படிச் சொல்வது என்பதை மாஸ்டரே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகளுக்கு நம் நாட்டு எல்லே விளையாட்டுத் தெரியும்தானே, அதுவும் பேஸ்போல் மாதிரித்தானே என்று சிலர் சொல்வார்கள். அடிப்பதற்கும் ஓடுவதற்கும் அது சரி. ஆனால் எல்லேயில் பந்து போடுகிறவன் அடிக்கிறவனின் சொந்த அணிக்காரன். அடிக்க வசதியாகத்தான் போடுவான். எதிராளியை ஏமாற்றுகிற பிட்சரை எல்லே உருவாக்காது. ஓடுகிறவன் முதுகில் குறிபார்த்து எறிகிற பழக்கம் மட்டும் நன்றாக வரும். அதைப் பேஸ்போலில் செய்துவிடாதீர்கள், அங்கே அப்படி ஆட்டமிழக்கச் செய்ய முடியாது.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்

எல்லே பற்றி நான் அப்படி யோசித்திருக்கவில்லை. நன்றி தம்பி.

ஈட்டி எறிகிற பையன்கள் பிட்சர் ஆன கதை இந்தியாவில் ஒன்று உண்டென்று கேள்விப்பட்டேன். உண்மையா?

ஸ்காபரோ மாமா

உண்மை. ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். இருவரும் உத்தரப்பிரதேசத்துக் கிராமத்துப் பிள்ளைகள், ஈட்டி எறிந்தவர்கள். அதற்கு முன் பேஸ்போல் பந்தைத் தொட்டதே இல்லை. 2008 இல் ஓர் அமெரிக்கர் இந்தியாவில் நடத்திய எறிதல் போட்டியில் அகப்பட்டார்கள். அதே வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் எடுத்தது. 2009 இல் ரிங்கு கீழ் மட்ட லீக்கில் ஓர் ஆட்டத்தை வென்றார். தொழில்முறை பேஸ்போலில் இந்தியர் ஒருவர் வென்றது அதுதான் முதல் தடவை.

பிறகு தினேஷை 2010 இல் விட்டுவிட்டார்கள். ரிங்குவுக்கு முழங்கையில் சத்திரசிகிச்சை. பெரிய லீக்கை இருவருமே தொடவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்த மேடைக்குப் போனார்.

வவுனியாக் கைவைத்தியம்

நான் இயன்முறைச் சிகிச்சையாளர். முழங்கை என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே வந்துவிட்டேன்.

மாஸ்டர், கிரிக்கெட்டில் கை நேராகச் சுழல்வதால் சுமை பெரும்பாலும் முதுகுக்கும் தோளுக்கும் போகும். பேஸ்போலில் கை பின்னால் மடிந்து முன்னால் வெடிக்கிறது. அந்த நொடியில் முழங்கையின் உட்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் பிணைத்திருக்கிற நார் தாங்குகிற அளவின் விளிம்புக்கே போய்விடும். 1974 இல் டொமி ஜோன் என்ற பிட்சருக்கு அந்த நார் அறுந்தது. வைத்தியர் பிராங்க் ஜோப் வேறிடத்து நாரை எடுத்து அங்கே கட்டினார். ஜோன் திரும்பி வந்து இன்னும் 164 ஆட்டங்களை வென்றார். சத்திரசிகிச்சைக்கே அவர் பெயர்தான் இன்றும். ஜப்பானிய நட்சத்திர வீரர் ஒட்டானிக்கு ஒரே முழங்கையில் 2018 இல் ஒன்று, 2023 இல் இன்னொன்று. அவருக்குப் பக்கத்தில் உலகத்திலேயே நல்ல வைத்தியர்கள் இருந்தார்கள். உங்கள் பையனுக்கு ஒட்டுசுட்டானில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெரிய லீக் இளையோருக்கு வகுத்த அளவு: 15, 16 வயதுக்கு ஒரு நாளில் 95 வீச்சு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. 30 வரை வீசினால் மறுநாளும் வீசலாம். 31 முதல் 45 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 75 வரை மூன்று நாள், 76 ஐத் தொட்டால் நான்கு நாள். இது ஆட்டத்துக்குப் பழகிய கைக்கு உச்ச அளவு. புதிதாகத் தொடங்குகிறவன் 30, 40 உடன் நிற்க வேண்டும். வருடத்தில் நான்கு மாதம் எறிதலே இல்லாமல் இருக்க வேண்டும். இதில் ஈட்டியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள், மறந்துவிடாதீர்கள். காலையில் ஈட்டி, மாலையில் பேஸ்போல் என்றால் நானே பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பேன்.

பரந்தன் சந்தி

வைத்தியர் கோபிக்க வேண்டாம். இந்தக் கணக்கெல்லாம் வசதியுள்ள ஊருக்கு. எங்கள் பிள்ளைக்கு வாய்ப்பு என்பது ஒருநாள் வரும், வந்த அன்றைக்கே போய்விடும். அன்று 95 ஆவது பந்தோடு நிறுத்தச் சொல்வீர்களா? யாழ்ப்பாணத்து வியாஸ்காந்த் ஐபிஎல் வரை போனது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணியதாலா, போட்டதாலா?

நாகோயாவில் இருந்து

பரந்தன் அண்ணா கேட்ட கேள்விக்கு ஜப்பானில் ஒரு முழு நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. எட்டு வருடமாக இங்கே ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். அந்தக் கோடையில் மதியச் சாப்பாட்டு மேசையில் எங்கள் மேற்பார்வையாளர்கள் இருவர் பேசாமல் விட்டுவிட்டார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் பாடசாலை பேஸ்போல் என்றால் கோஷியன். 1915 இல் தொடங்கிய கோடைப் போட்டி. மாவட்டங்களில் வென்ற 49 அணிகள் அங்கே போகும். தோற்றவர்கள் அழுதுகொண்டே அந்த மைதானத்து மண்ணைப் பைக்குள் அள்ளிக்கொண்டு போவார்கள். தொழில்முறை அணிகளின் ஆட்களும் அங்கேதான் பார்ப்பார்கள். ஒக்டோபரில் 12 அணிகளும் கூடித் தெரிவு செய்யும். ஒரே பையனைப் பல அணிகள் கேட்டால் பெட்டிக்குள் சீட்டுப்போட்டு எடுப்பார்கள்.

அந்தச் சண்டைக்குக் காரணமான பையன் ரொக்கி சசாக்கி. இவாத்தே மாவட்டத்தில் ரிக்குசென்தகாதா என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலையில் தகப்பனும் பாட்டன் பாட்டியும் போய்விட்டார்கள். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அந்த ஊர்க் கரையில் எழுபதாயிரம் பைன் மரங்கள் நின்றனவாம். அலைக்குப் பிறகு ஒன்று மிஞ்சியது. நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். 2004 மார்கழி 26 க்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் நின்றவை இரண்டு தென்னைகள். அந்த மரத்தின் படத்தை முதன்முதல் பார்த்த அன்று வேலைக்குப் போகவில்லை.

அவன் பெயர் பெற்ற பெரிய பாடசாலைகளுக்குப் போகாமல் கூட்டாளிகளோடு ஒவுனாத்தோ என்ற சாதாரண அரச பாடசாலையில் சேர்ந்தான். 2019 ஏப்ரலில் பயிற்சி முகாம் ஒன்றில் 163 கிலோமீற்றர் வேகத்தில் வீசினான். பாடசாலைப் பையன் எவனும் ஜப்பானில் அதற்கு முன் அப்படி வீசியதில்லை. அந்த ஜூலையில் மாவட்டப் போட்டி. 21 ஆம் திகதி ஆட்டம் 12 இன்னிங்ஸ் இழுத்தது, அவன் 194 பந்து வீசினான். 24 ஆம் திகதி அரையிறுதியில் 129. மறுநாள் இறுதிப் போட்டி. வென்றால் அந்தப் பாடசாலை 35 வருடத்துக்குப் பிறகு கோஷியன் போகும்.

பயிற்சியாளர் அவனை இறக்கவில்லை. துடுப்பெடுத்தாடக்கூட விடவில்லை. ஒவுனாத்தோ 12 இற்கு 2 என்று தோற்றது. தோற்கடித்தது ஒட்டானி படித்த ஹனமாக்கி ஹிகாஷி. பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்துத் திட்டியவர்கள் ஏராளம். கூட்டாளிகளின் கனவைக் கெடுத்தாயே என்று ஒரு பக்கம். ஒரு பிள்ளையின் கையைக் காப்பாற்றினாயே என்று மறுபக்கம். அடுத்த வருடத்திலிருந்து பாடசாலைப் பிட்சருக்கு ஒரு வாரத்தில் 500 வீச்சு என்று எல்லை போட்டார்கள்.

ஒக்டோபரில் நான்கு அணிகள் அவனுக்குச் சீட்டுப்போட்டன. லொத்தே மரீன்ஸ் அணிக்கு விழுந்தது. அவர்கள் 2020 முழுவதும் அவனை ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் உடம்பைத் தேற்றினார்கள். 2022 ஏப்ரல் 10, வயது 20: எதிரணியில் ஒருவரையும் முதல் தளத்தைத் தொட விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தான், 19 பேரை ஸ்ட்ரைக்கில் வீழ்த்தினான். ஜப்பானில் அப்படி ஓர் ஆட்டம் நடந்து 28 வருடமாகியிருந்தது. அன்று என்னோடு வேலை செய்கிற கிழவர் ஒருவர் 'அந்தப் பயிற்சியாளர் இதைப் பார்த்திருப்பாரா' என்று மட்டும் கேட்டார்.

பரந்தன் சந்தி

கதை நெஞ்சைத் தொடுகிறது தம்பி, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விடயம். ஒன்று, அத்தனை பொத்திப் பொத்தி வைத்த கைக்கும் 2025 இல் அமெரிக்காவின் டொட்ஜர்ஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்த சில மாதத்திலேயே தோளில் வலி வந்தது. இரண்டு, அந்தப் பையன் இறுதிப் போட்டியில் வீசாவிட்டாலும் அவனை எல்லோரும் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், 163 உம் பதிவாகிவிட்டது. எங்கள் பையனை யார் பார்த்தார்கள்? பார்க்கும் நாள் வந்தால் வீசத்தான் வேண்டும்.

ஸ்காபரோ மாமா

டொட்ஜர்ஸ் பெயரை இங்கே எடுக்காதீர்கள். 2025 உலகத் தொடரில், அதாவது பெரிய லீக்கின் இறுதித் தொடரில், ஏழாவது ஆட்டத்தில் எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அவர்களிடம் 11 ஆவது இன்னிங்ஸில் தோற்ற இரவு என் வீட்டில் சோறு அப்படியே கிடந்தது.

ஆனால் பரந்தன் தம்பிக்கு ஓர் ஆயுதம் தருகிறேன். அந்தத் தொடரில் டொட்ஜர்ஸின் ஜப்பானியப் பிட்சர் யமமோட்டோ ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசினார். மறுநாளே ஏழாவது ஆட்டத்துக்கும் வந்து எங்களை முடித்துவிட்டார். இன்னொரு சங்கதி: மனிதர் பாரம் தூக்கிப் பயிற்சி செய்வதில்லை, சிறு ஈட்டி எறிந்துதான் செய்கிறார். ஜப்பானில் அவரை எடுத்தது நான்காவது சுற்றில். உயரமும் 178 சென்ரிமீற்றர்தான். மாஸ்டரின் பையனுக்கு இவர்தான் பொருத்தம்.

வவுனியாக் கைவைத்தியம்

யமமோட்டோவுக்கு அன்று 27 வயது. எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிப் பல வருடம். 16 வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் மூடாமல் இருக்கலாம். மேலும் மறுநாள் வீசியது 34 பந்து. மாமா ஆயுதம் கொடுக்கும்போது முழுதாகக் கொடுக்க வேண்டும்.

முள்ளியவளை அக்கா

எல்லோரும் பையனின் முழங்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். அவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை எப்போது? டொமினிக்கனில் 12, 13 வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுத் தரகர்களுக்குப் பின்னால் போகிற பிள்ளைகளின் கதையை வாசித்திருக்கிறேன். ஒப்பந்தம் கிடைக்காதவன் 18 வயதில் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறான். நாளைக்கு ஒருவன் வந்து 'உங்கள் மகனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன், இவ்வளவு தாருங்கள்' என்று தகப்பனிடம் கேட்டால் அந்த மனிதர் வலையையும் வள்ளத்தையும் விற்றுக் கொடுத்துவிடுவார். எங்கள் ஊரில் எதையெதையோ சொல்லி இப்படி வாங்கியிருக்கிறார்கள். மாஸ்டர் அதை முதலில் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இரணைமடுவான்

அக்கா சொன்னதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலை வேகத்தை அளப்பது. கருவி வேண்டாம், கணித ஆசிரியருக்குக் கைபேசி போதும். பிட்சர் நிற்கிற மேட்டிலிருந்து அடிக்கிறவன் பக்கத்துத் தட்டுக்கு 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீற்றர். கை முன்னால் வந்து விடுவதால் பந்து பறப்பது ஏறத்தாழ 16.8 மீற்றர். நொடிக்கு 240 படம் எடுக்கிற முறையில் பக்கத்தில் நின்று எடுங்கள். கையை விட்டதிலிருந்து தட்டுக்கு வரும்வரை 121 படம் என்றால் மணிக்கு 120 கிலோமீற்றர். 112 படம் என்றால் 130. இது சராசரி, கையை விடும்போது இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். பெரிய லீக்கில் நேர்ப்பந்தின் சராசரி 150 ஐத் தாண்டும், அதை நினைத்து மலைக்க வேண்டாம்.

பந்தும் முக்கியம். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது, பேஸ்போல் பந்து 149 ஐத் தாண்டாது. தையலும் வேறு. கிரிக்கெட் பந்தால் அளந்துவிட்டு ஏமாற வேண்டாம்.

நாகோயாவில் இருந்து

ஒரு வழி விடுபட்டுவிட்டது. ஜப்பானில் 12 பெரிய அணிகளுக்குக் கீழே தனி லீக்குகள் உண்டு. ஷிக்கோக்குத் தீவு லீக் 2005 இல் தொடங்கியது. அங்கே கொச்சி அணியில் புர்கினா பாசோ நாட்டு இளைஞர் ஒருவர் ஆடினார். அவருக்கு ஊரில் பேஸ்போல் சொல்லிக் கொடுத்தவர் ஜப்பானியத் தொண்டர் ஒருவர். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் தொண்டர்கள் இலங்கையிலும் பேஸ்போல் பழக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவைவிட எனக்கு இதுதான் எட்டுகிற கிளையாகத் தெரிகிறது. சம்பளம் சொற்பம், ஆனால் பார்க்கிற கண்கள் அங்கே உண்டு.

ஒட்டுசுட்டான் மாஸ்டர்

மூன்று வாரம் எழுதவில்லை, மன்னிக்கவும். சொன்னவற்றைச் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனேன். தகப்பன் வலை பொத்திக்கொண்டிருந்தார். அக்கா சொன்ன தரகர் கதையைச் சொன்னதும் சிரித்தார். 'என்னிடம் விற்க என்ன இருக்கிறது மாஸ்டர்' என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யார் வந்தாலும் முதலில் உங்களிடம் அனுப்புகிறேன் என்றார். தாய் கேட்டது ஒன்றுதான்: சாதாரண தரப் பரீட்சைக்கு முதல் மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது. வைத்தியர் சொன்ன நான்கு மாத ஓய்வில் அது அடங்கிவிடுகிறது. ஆகவே ஒருவருக்கும் நட்டமில்லை.

மைதானத்தின் மூலையில் புற்றுமண் கொட்டித் தண்ணீர் விட்டு அடித்து ஒரு மேடு செய்தோம். 10 அங்குல உயரம், அளந்து பார்த்துத்தான். ஸ்காபரோ மாமா வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தவர் ஒருவரிடம் ஆறு பந்தும் ஒரு கையுறையும் கொடுத்தனுப்பியிருந்தார். மாமா, உங்கள் மகனின் பெயர் கையுறையில் பேனாவால் எழுதியிருக்கிறது. பையன் அதை அழிக்க விடமாட்டேன் என்கிறான்.

முதல் நாள் 30 வீச்சு. இரண்டாவது பந்திலேயே ஒன்று தெரிந்தது. ஓடிவராமல் நின்ற இடத்தில் இடுப்பைத் திருப்பி எறிவது இவனுக்குப் புதிதே இல்லை. வலை வீசும்போது செய்வதைத்தான் செய்கிறான். குறி மட்டும் இன்னும் சரியில்லை. பத்தில் நான்கு தட்டுக்கு மேலே வருகின்றன, மிச்சம் பனையில். மிக வேகமான வீச்சு 114 படம். கணக்கை நீங்களே செய்யுங்கள், நான் நாலு தரம் செய்துவிட்டேன். எல்லாம் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுகிறேன். 30 முடிந்ததும் இன்னும் ஐந்து தாருங்கள் மாஸ்டர் என்று கெஞ்சினான். கொடுக்கவில்லை.

பரந்தன் தம்பி, உங்கள் கேள்வி மனதில் இருக்கிறது. பார்க்க ஒருவர் வரும் நாளில் நான் என்ன செய்வேன் என்று எனக்கு இப்போது சொல்ல முடியவில்லை.

பரந்தன் சந்தி

114 என்றால் 127 க்கு மேலே! மாஸ்டர், மேட்டையும் புற்றுமண்ணையும் விடுங்கள், யார் பிடிக்கிறார்கள்?

ஒட்டுசுட்டான் மாஸ்டர்

இதுவரை நான்தான், விக்கெட் காப்பாளர் கையுறையோடு. ஒரு கையுறைதான் வந்தது, அது அவன் கையில். இடது உள்ளங்கை வீங்கிச் சோற்றைப் பிசையும் கையால்தான் கரும்பலகையும் துடைக்கிறேன். யாரிடமாவது பழைய கெச்சர் கையுறை இருந்தால் சொல்லுங்கள். அதுவரை அடுத்த பயிற்சி வெள்ளிக்கிழமை, 35 வீச்சு.

முறிகண்டிக் கச்சான்

வெள்ளிக்கிழமை நான் வருகிறேன் மாஸ்டர். சின்ன வயதில் நானும் விக்கெட் காப்பாளன்தான். கச்சான் கொண்டுவருகிறேன், பஞ்சு நீங்கள் வைத்திருங்கள்.